கடலடியில் கட்டிப்போட்ட டைட்டனை என்ன செய்வது?

கேள்வி இப்படி வந்தது: “ஸ்கார்டு லாண்ட்ஸ் உலகத்தில் டைட்டன் ஒருவனைச் சங்கிலியில் பிணைத்துக் கடலடியில் போட்டிருக்கிறார்கள். போரில் வென்ற தேவர்கள் அவனை ஏன் கொல்லவில்லை? என் ஆட்டத்தில் அவனைக் கொண்டுவர நினைக்கிறேன். ஆட்டக்காரர்கள் நான்கு பேர், பாத்திரங்கள் ஐந்தாம் நிலையில் இருக்கின்றன. டைட்டனுக்கு எவ்வளவு பலம் வைக்கலாம்?”

பேச்சு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதையாட்டம் பற்றியது. ஒருவர் கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துவார், பாத்திரங்கள் நிலை நிலையாக வலிமை பெறும். டைட்டன் என்பவன் தேவர்களுக்கும் முந்திய பேருருவன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எந்த எண்ணும் வைக்காதீர்கள். எவ்வளவு அடி தாங்குவான் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளி என்று ஒன்றை எழுதிவிட்டால் அதன்பிறகு அவன் டைட்டன் இல்லை, உடம்பு பெருத்த இன்னொரு விலங்கு. எண் இருந்தால் அதைக் குறைத்துப் பூஜ்யமாக்கலாம் என்பது ஆட்டக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். இவ்வகை ஆட்டங்களில் பேர்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் டாரஸ்க் என்றொரு பேருயிர் உண்டு. 50 அடி உயரம், கவச எண் 25, உயிர்ப்புள்ளி 676, வெல்வது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் சவால் மதிப்பு 30. அந்தப் பதிப்பின் அரக்கர் நூலில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஆனால் பாவம், அதற்குப் பறக்கத் தெரியாது. தொலைவில் நிற்பவனை அடிக்கவும் வழியில்லை. மந்திர வில்லோடு உயரப் பறந்துகொண்டே ஒருவன் சாவகாசமாக அதன் கணக்கை முடிக்கலாம் என்று ஆட்டக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். உலகத்தையே தின்னும் பிராணிக்கே இந்தக் கதி.

உங்கள் டைட்டன் கடலடியில் கிடப்பதால், கிராக்கன் என்ற கடல் அரக்கனின் எண்களும் திறன்களும் அடங்கிய குறிப்பை எடுத்து அவன் மேல் ஒட்டிவிடலாம் என்றும் தோன்றும். அதே பதிப்பில் கிராக்கனும் ‘டைட்டன்’ என்ற அடைமொழி பெற்றதுதான். 472 உயிர்ப்புள்ளி, பார்க்கக் கச்சிதமாக இருக்கும். அதன் குறிப்பைக் கொஞ்சம் கீழே படியுங்கள். மந்திரத்தால் அதைப் பிணைக்க முடியாது. மந்திரமில்லாத கட்டுகளிலிருந்து வெறும் ஐந்து அடி நகர்வைச் செலவழித்து நழுவிவிடும். சங்கிலியில் கிடக்கும் கைதிக்குச் சங்கிலியே பிடிக்காத விலங்கின் குறிப்பைக் கொடுத்தால், விதிநூலைப் படித்துவிட்டு வரும் ஆட்டக்காரர் ஒருவர் முதல் நாளே உங்களைப் பிடித்துக்கொள்வார்.

இனி அவனைப் பற்றி. பெயர் கடூம், பட்டப்பெயர் ‘மலைகளை உலுக்குபவன்’. (தமிழில் ‘கடும்’ என்று எழுதினாலும் பொருள் கெடாது, வாசிப்பவர் குழம்பக்கூடாது என்பதற்காக நெடில் போட்டேன்.) ஸ்கார்டு லாண்ட்ஸ் 2000ஆம் ஆண்டு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு வந்த கையோடு வெளிவரத் தொடங்கிய உலகம். கதைக்குள் அந்த உலகத்தின் பெயர் ஸ்கார்ன். அங்கே டைட்டன்கள் தேவர்களின் பெற்றோர். மலையும் மரமும் உயிரும் அவர்கள் செய்தவை. பிடிக்காமல் போனால் செய்ததை நசுக்குவதும் அவர்கள் வழக்கம். தேவர்கள் அதைப் பொறுக்காமல் எழுந்தார்கள். போர் முடிந்து ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து ஆட்டம் தொடங்குகிறது. ஸ்கார்டு லாண்ட்ஸ், அதாவது ‘தழும்பேறிய நிலங்கள்’ என்று பெயர் வைத்ததற்குக் காரணம் அந்தப் போர்தான்.

கொல்லவில்லை என்பதைவிடக் கொல்ல முடியவில்லை என்பதே சரி. டைட்டன் சாகாதவன். அவனை வெட்டலாம், புதைக்கலாம், கட்டலாம், முடிக்க முடியாது. எனவே தோற்றவர்களை ஒவ்வொருவராக என்ன செய்வது என்று தேவர்கள் தனித்தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. பாம்புகளுக்கும் சூனியக்காரிகளுக்கும் தாயான மோர்மோவைத் துண்டு துண்டாக வெட்டி வெவ்வேறு திசைகளில் எறிந்தார்கள். அவள் குருதி சிந்திய ஹார்ன்ஸா காடு இன்றும் நஞ்சாகவே நிற்கிறது. கடூமைச் சங்கிலியால் பிணைத்துக் கெல்ஸ்பாட் கண்டத்துக்குக் கிழக்கே கடலின் அடியில் கிடத்தினார்கள். அவன் காயங்கள் ஆறவில்லை. குருதி வடிந்து வடிந்து கடல் சிவந்தது. அதற்கு இப்போது ‘குருதிக்கடல்’ என்றே பெயர். அந்த நீரில் பிறப்பவை இயல்பாகப் பிறப்பதில்லை. இவ்வளவுக்கும் நடுவே டெனெவ் என்ற டைட்டன் மட்டும், மண்ணின் தாய், தேவர்கள் பக்கம் நின்றாள். அவளைக் கட்டவில்லை. கட்டுண்டு கிடக்கும் தன் இனத்தாரைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பதை வைத்தே ஓராண்டு ஆட்டம் நடத்தலாம்; அது வேறு பேச்சு.

இந்தக் கதையின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லும் பழங்கிரேக்கக் கவிஞர் ஹீசியடை நிதானமாகப் படித்தவர்கள் குறைவு, அதனால் அதில் கிடைக்கும் நல்ல சரக்கு வீணாகிறது. பத்தாண்டுப் போர். ஓத்ரிஸ் மலையில் டைட்டன்கள், ஒலிம்பஸில் தேவர்கள். தோற்றவர்களை டார்டரஸ் பாதாளத்தில் அடைக்கிறார்கள். அது எவ்வளவு ஆழம் என்பதற்கு ஹீசியட் ஒரு கணக்கு சொல்கிறார்: வெண்கலப் பட்டறைக்கல் ஒன்றை வானத்திலிருந்து போட்டால் ஒன்பது நாள் விழுந்து பத்தாம் நாள் பூமியைத் தொடும், பூமியிலிருந்து போட்டால் மறுபடி ஒன்பது நாள் விழுந்து பத்தாம் நாள் டார்டரஸைத் தொடும். சுற்றிலும் வெண்கல வேலி, அந்தப் பாதாளத்தின் கழுத்தைச் சுற்றி மூன்று அடுக்கு இருட்டு, பொசைடன் பொருத்திய வெண்கலக் கதவு. வாசலில் காவல் நிற்பவர்கள் நூறு கையுடைய மூன்று சகோதரர்கள்.

இந்த மூவர் யார் என்று பாருங்கள். ஒரு காலத்தில் அவர்களே கைதிகள். தந்தை யுரேனஸ் பூமிக்கு அடியில் அடைத்து வைத்திருந்த அவர்களை வெளியே எடுத்தவர் ஜீயஸ். போரில் வென்று கொடுத்தவர்களும் அவர்கள். பரிசாகக் கிடைத்ததோ அதே பாதாளத்தின் வாசல். சிறை மாறவில்லை, கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் மாறியது. ஆட்டம் நடத்துபவருக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடைக்காது. டைட்டனிடம் பேச ஆட்டக்காரர்களால் முடியாது, காவலாளியிடம் பேசலாம். அவனுக்குக் கோபம் இருக்கும், சலிப்பு இருக்கும், விலை இருக்கும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதே டைட்டன்களைத் தன் அண்டத்திலும் வைத்திருக்கிறது, கார்சரி என்ற தளத்தில், அதாவது தனியொரு உலகத்தில். பெயரே லத்தீனில் சிறை என்பதிலிருந்து வந்தது. ஆறு அடுக்குகள், முதல் அடுக்குக்கு ஓத்ரிஸ் என்று பெயர். தோற்ற மலையின் பெயரையே சிறைக்கும் வைத்த குசும்பை நான் எப்போதும் ரசிப்பேன். ஒவ்வொரு அடுக்கும் மணிமாலைபோல வரிசையாகக் கோத்த உருண்டைகள். அங்கே வழங்கும் ஒரு நம்பிக்கைதான் முக்கியம்: தன்னை அடைத்தவனைவிட வலிமை பெற்றால் மட்டுமே கைதி வெளியேற முடியும். காவலைத் தந்திரத்தால் ஏமாற்ற முடியாத சிறை. உள்ளே இருப்பவன் யுகக்கணக்கில் ஒரே வேலையாக வளர்ந்துகொண்டிருக்கிறான் என்பதை நினைத்தால் கொஞ்சம் குளிரெடுக்கும்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு மூன்று மாத உழைப்பு மிஞ்சும். பல ஆண்டுகளுக்கு முன் மலைக்கு அடியில் ஒரு டைட்டனைப் படுக்க வைத்தேன். ஏழு பூட்டு, ஏழு சாவி, ஏழு நாடு. சாவிகளைத் தேடும் வில்லனை ஆட்டக்காரர்கள் முந்த வேண்டும் என்பது திட்டம். வரைபடம் எல்லாம் கையால் வரைந்தேன். இரண்டாவது வாரம், ஏழில் முதலாவது சாவி அவர்கள் கைக்கு வந்தது. கணக்கராக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏழும் சேர்ந்தால்தானே திறக்கும்? இதை ஒரு எரிமலையில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததல்லவா?” மற்ற மூவரும் தலையாட்டினார்கள். என்னிடம் பதில் இல்லை. ஆறு நாடுகளின் வரைபடம் இன்னும் பரணில் கிடக்கிறது.

பூட்டிய கதவு பூட்டியே இருக்கும் என்றால், ஒன்றும் செய்யாமல் இருப்பதே வீரம். ஆட்டம் அங்கேயே செத்துவிடும். கடூமின் கதையை எழுதியவர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அவன் சிறை ஒழுகுகிறது. யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் குருதி வடிகிறது, கடல் கெடுகிறது, கரையில் ஊர்கள் இருக்கின்றன. சும்மா இருப்பதற்கும் விலை உண்டு. ஒழுகுவதை நிறுத்தக் கிட்டே போனால், அங்கே சங்கிலி இருக்கிறது. ஒரே இடத்துக்கு நோயை நிறுத்தப் போகிறவனும் கைதியை விடுவிக்கப் போகிறவனும் ஒரே படகில் போக வேண்டியிருக்கும். அதிலும் அந்த உலகத்தில் டைட்டன்களின் பலத்தை உறிஞ்சி வாழும் துருயிட்கள் என்ற மந்திரப் பூசாரிகள் உண்டு. அவர்களுக்குக் குருதி நோயல்ல, ஊற்று. அதை அடைக்க வருகிறவன் அவர்களுக்குக் கிணற்றைத் தூர்க்க வருகிறவன்.

ஒழுகலை என்னவாக வேண்டுமானாலும் வைக்கலாம். கனவு ஒழுகலாம், குளிர் ஒழுகலாம், பாட்டு ஒழுகலாம். ஆனால் அது யாருடைய பிழைப்பையாவது தொட வேண்டும். பாழடைந்த மலையுச்சியில் ஒழுகினால் யாருக்கும் கவலையில்லை. குருதிக்கடலில் கப்பல் போகிறது, கொள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள்; அதனால்தான் அது வேலை செய்கிறது.

விடுதலைக்கு ஒரு நிபந்தனை இருக்கட்டும், எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விதிநூலிலேயே நல்ல அச்சு இருக்கிறது. ‘இம்ப்ரிசன்மென்ட்’ என்ற ஒன்பதாம் நிலை மந்திரத்தை எடுத்துப் பாருங்கள். 2014 பதிப்பில் அது ஐந்து வகைச் சிறை தருகிறது: பூமிக்குள் ஆழப் புதைத்தல், சங்கிலியால் பிணைத்தல், தனியொரு சிற்றுலகில் அடைத்தல், ஓர் அங்குலமாகச் சுருக்கி ரத்தினக் கல்லுக்குள் வைத்தல், உறக்கம். உள்ளே இருப்பவனுக்கு மூச்சும் சோறும் வேண்டாம், வயதும் ஏறாது. குறிபார்க்கும் எந்த மந்திரத்துக்கும் அவன் இருக்கும் இடம் அகப்படாது. செலவுக் கணக்கும் உண்டு. கைதியின் உயிர்ப்பகடை (உயிர்ப்புள்ளியைக் கணக்கிட உருட்டும் பகடை) ஒவ்வொன்றுக்கும் 500 பொன் மதிப்புள்ள பொருள் வேண்டும். டாரஸ்க்குக்கு 33 உயிர்ப்பகடை, 16,500 பொன். பேரழிவைப் பூட்டிவைக்க அது ஒன்றும் பெரிய தொகையல்ல என்று ஒரு நிதியமைச்சர் சொல்லக்கூடும்.

அந்த மந்திரத்தில் எனக்குப் பிடித்தது நிபந்தனைப் பகுதிதான். மந்திரம் போடுபவர் விரும்பினால், எது நடந்தால் கைதி விடுபடுவான் என்று அப்போதே சொல்லிவைக்கலாம். அது நியாயமாக இருக்க வேண்டும், நடக்க வாய்ப்புள்ளதாகவும் இருக்க வேண்டும். நிலை, உயிர்ப்புள்ளி போன்ற விதிநூல் எண்களைச் சொல்லக்கூடாது. கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். நடக்காதது ஒன்றைச் சொல்லி ஏமாற்ற முடியாது என்பதைக் கவனியுங்கள். நமக்கு இது புதிதில்லை. கயிலையின் அடியில் நசுங்கிய இராவணனும் வலிமையால் வெளியே வரவில்லை. பாடினான், விடுபட்டான், கையில் வாளோடும் போனான். கைதி என்ன செய்தால் கதவு திறக்கும் என்பது வரையறுக்கப்பட்டிருந்தால் உங்கள் டைட்டனுக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. அவன் வெறுமனே கிடப்பதில்லை, முயன்றுகொண்டிருக்கிறான்.

சாவி யாரிடம் என்பது அடுத்தது. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு கதையாட்டத்தின் கோலாரியன் உலகத்தில் ரோவாகுக் என்ற அழிவுமூர்த்தியைப் பூமிக்குள்ளேயே பூட்டிவைத்திருக்கிறார்கள். அவன் டைட்டன் வகையில் சேரமாட்டான், ஆனாலும் பாடம் ஒன்றுதான். நல்ல தேவதை சரென்ரே போரை முன்நின்று நடத்தினாள். சாவி இருப்பதோ நரகத்தின் அரசன் அஸ்மோடியஸின் கையில். நல்லவர்களும் கெட்டவர்களும் கூடிச் செய்த காரியம் அது. அந்தச் சாவி அவன் கையில் இருக்கும்வரை அவனோடு யாரும் அளவுக்கு மீறிச் சண்டை போட மாட்டார்கள். பின்னாளில் கோர்முஸ் நகரம் ரோவாகுக்கின் அடியார்களால் கெட்டபோது சரென்ரே வாளால் அதை வெட்டினாள். ஊர் போனது, ஆனால் வெட்டிய இடத்தில் பெரும் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் கைதியின் குஞ்சுகள் மேலே ஏறி வருகின்றன. அந்த உலகத்தின் டாரஸ்க்கும் அவற்றில் ஒன்று. சிறையில் ஓட்டை போட்டது சிறைவைத்தவளின் கோபம். உங்கள் ஆட்டத்தின் சங்கிலியும் இப்படி நல்லவர் ஒருவரின் செயலால் தளர்ந்தால், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் திண்டாடுவார்கள். அந்தத் திண்டாட்டம் நல்லது.

‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்தின் தீரோஸ் உலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே டைட்டன்கள் பாதாளத்தில் கிடக்கிறார்கள். விதியின் தெய்வமான குளோத்திஸ் தானே விரும்பி உள்ளே போய்க் காவல் இருக்கிறாள். 2020இல் வந்த சீட்டுத் தொகுப்பில் உரோ, குரோக்சா என்ற இரு டைட்டன்களுக்கு ஓர் அழகான விதி வைத்தார்கள். கையிலிருந்து இறக்கினால் நிற்காமல் கல்லறைக்கு, அதாவது கழித்த சீட்டுகளின் குவியலுக்குப் போய்விடும். கல்லறையில் கிடக்கும் வேறு ஐந்து சீட்டுகளை விலையாகக் கொடுத்துத் தப்பித்து வந்தால் மட்டுமே களத்தில் நிற்கும். சிறையுடைப்பை இவ்வளவு சுருக்கமாக யாரும் விதியாக்கியதில்லை. உரோ அளவுக்கு மீறித் தப்பித்து வந்துகொண்டே இருந்ததால், அதே ஆண்டு செப்டம்பரில் முக்கியப் போட்டி வடிவத்தில் அதைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. பாதாளம் பிடிக்காத டைட்டனைத் தடைப்பட்டியல் பிடித்தது.

சரி, உங்கள் நான்கு பேர். ஐந்தாம் நிலைப் பாத்திரங்கள் கடூமின் ஒரு நகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. பத்தாம் நிலைவரை பார்க்காவிட்டாலும் குறையில்லை. குருதிக்கடலின் கரையில் ஒரு சிறு துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் எங்கே வெளுத்து எங்கே சிவக்கிறது என்பதை மீனவர்கள் தாத்தா காலத்திலிருந்து கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி வலை வீசுவதில்லை. இந்த ஆண்டு கோடு கரைப்பக்கம் நகர்ந்திருக்கிறது. சிவந்த மீனை விற்கக்கூடாது என்று கோயில் ஆணை போட்டிருக்கிறது. இரவில் வந்து அதே மீனை இரட்டை விலைக்கு வாங்கிப் போகிற முகம் தெரியாத ஆள் ஒருவர் இருக்கிறார். ஒரு வலையில் மீனோடு சேர்ந்து ஆளுயர இரும்பு வளையம் ஒன்று மேலே வந்தது. துருப்பிடிக்கவில்லை. ஒரு பக்கம் அரத்தால் அறுத்த தடம்.

இதில் சண்டை வேண்டுமென்றால் சிவந்த நீரில் பிறந்தது ஏதாவது கரையேறட்டும். பேச்சு வேண்டுமென்றால் கோயில் குருவுக்கு அந்த வளையம் என்னவென்று தெரிந்திருக்கட்டும், தெரியாது என்று சொல்லட்டும். வெளியிலிருந்து அறுத்தானா, உள்ளே கிடப்பவன் ஆள் வைத்து அறுக்கச் சொன்னானா என்பதை நீங்கள் இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. மூன்றாம் வாரம் ஆட்டக்காரர்களே ஒரு யூகம் சொல்வார்கள், பெரும்பாலும் உங்களுடையதைவிட நன்றாகவே இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள்: அந்த வளையத்தை மீனவனிடமிருந்து எடைக்கு வாங்கிய இரும்புக்கடைக்காரனின் பெயர். அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.